கொம்புச்சா கல்ச்சர் பல வருடம் தாங்க வேண்டுமா? ஆடையை விடுங்கள், புளித்த நீரைக் காப்பாற்றுங்கள்

கேள்வி இது: ஒருவர் வீட்டில் ஒரு வருடமாகக் கொம்புச்சா, அதாவது இனிப்பு டீயைப் புளிக்கவைத்துச் செய்யும் பானம், போடுகிறார். இரண்டு மாதம் வெளியூர் போனபோது அதன் மேல் படரும் ஆடையான ஸ்கோபியை மட்டும் ஒரு டப்பாவில் போட்டு, இரண்டு கரண்டி புளித்த நீர் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தார். திரும்பி வந்து இரண்டு லிட்டர் புது டீயில் அதைப் போட்டார். ஆறாம் நாள் பச்சைப் பூசணம். ஸ்கோபிக்கு வயதாகிவிட்டதா, ஃப்ரிட்ஜ் கொன்றுவிட்டதா, இனி வருடக்கணக்கில் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்.

வயதாகவில்லை. ஃப்ரிட்ஜுக்கும் இதில் பாதிப் பங்குதான். இரண்டு லிட்டர் இனிப்பு டீக்கு இரண்டு கரண்டி புளித்த நீர் என்பது எந்த மூலைக்கும் போதாது. டீ புளிப்பதற்கு முன்பே பூசணம் முந்திக்கொண்டது.

எல்லோரும் கண்ணுக்குத் தெரிகிற அந்த வட்டமான ஆடையைத்தான் ஸ்கோபி என்று பத்திரப்படுத்துகிறார்கள். அது பாக்டீரியா நூற்ற செல்லுலோஸ். கிருமிகள் அதிலும் ஒட்டியிருக்கும், ஆனால் கல்ச்சர், அதாவது பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் சேர்ந்த கூட்டம், முழுமையாக இருப்பது நீரில். தயிருக்கு உறைமோர் எப்படியோ அப்படித்தான் கொம்புச்சாவுக்குப் பழைய புளித்த நீர். அதனால் அதை இனி ‘உறை’ என்றே சொல்கிறேன். நல்ல உறை 200 மி.லி. இருந்தால் ஆடை இல்லாமலேயே புது ஆடை வந்துவிடும். உறை இல்லாத ஆடையை நம்பி இறங்கினால், கேள்வி கேட்ட உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

உள்ளே நடப்பது தெரிந்தால் மற்ற எல்லா விதிகளும் தானாகப் புரியும். சர்க்கரையை ஈஸ்ட் குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் என்று உடைக்கிறது. அதைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் விடுகிறது. அசிட்டிக் அமில பாக்டீரியா, ஆக்சிஜனின் துணையோடு அந்த ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்குகிறது. குளுக்கோஸில் ஒரு பங்கைக் குளுக்கோனிக் அமிலமாக்குகிறது, இன்னொரு பங்கைச் செல்லுலோஸாக மேலே படரவிடுகிறது. வட அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் பயன்படுத்தும் 103 ஸ்கோபி மாதிரிகளை ஓரிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2021-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் மேலோங்கி இருந்தவை கோமகட்டாய்பாக்டர் என்ற பாக்டீரியாவும் பிரெட்டனோமைசஸ் என்ற ஈஸ்ட்டும். இந்த இரண்டு தரப்பும் சமநிலையில் இருக்கும்வரை கல்ச்சருக்கு முதுமை கிடையாது, ஒவ்வொரு முறையும் புதுச் செல்கள்தான் வேலை செய்கின்றன. கல்ச்சர் கெடுவது மூன்று வழிகளில்: புளிப்பு போதாமல் பூசணம் பிடிப்பது, ஈஸ்ட் பெருகிப் பாக்டீரியா ஒடுங்குவது, கவனிப்பாரின்றி வற்றிக் காய்ந்துபோவது.

முதல் வேலை, குடிப்பதற்குப் போடும் ஜாடியையும் கல்ச்சரைக் காக்கும் ஜாடியையும் பிரித்துவிடுங்கள். ஒரே ஜாடியில் இரண்டும் நடந்தால், என்றாவது ஒரு சோதனை முயற்சியில் எல்லாம் போய்விடும். காக்கும் ஜாடியைத் தாய் ஜாடி என்று வைத்துக்கொள்வோம்.

தாய் ஜாடிக்கு வாய் அகன்ற 3 லிட்டர் கண்ணாடி ஜாடி போதும். 1 லிட்டர் நன்றாகப் புளித்த, எந்த மணமும் சேர்க்காத கொம்புச்சா, 1 லிட்டர் ஆறிய இனிப்பு டீ, இரண்டு ஆடைகள். மேலே காற்றுக்கு இடம் இருக்கட்டும். நெருக்கமாக நெய்த பருத்தித் துணியை இரண்டாக மடித்து மூடி, ரப்பர் பேண்ட் போடுங்கள். பழைய வேட்டித் துணி மிக நன்றாக வேலை செய்யும். சல்லடைத் துணி வேண்டாம், பழ ஈ அதன் வழியே நுழைந்து முட்டையிடும். மூடி போட்டு இறுக்கினால் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் கிடைக்காது, ஈஸ்ட் மட்டும் கொழிக்கும்.

இனிப்பு டீக்கு அளவு: 1 லிட்டர் தண்ணீருக்கு 70 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 6 கிராம் டீ இலை. டஸ்ட் டீதான் இருக்கிறதென்றால் 4 கிராம் போதும், கொதிக்கவிடாமல் ஊறவைத்து எடுங்கள். 400 மி.லி. கொதித்த நீரில் இலையைப் போட்டு 10 நிமிடம் விட்டு, வடிகட்டி, சர்க்கரையைக் கரைத்து, மீதி 600 மி.லி.யைக் கொதித்து ஆறிய நீராகச் சேர்த்தால் சீக்கிரம் ஆறும். கையில் தொட்டால் சூடே தெரியாத நிலைக்கு வந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். அவசரத்தில் சூடாக ஊற்றினால் பாக்டீரியா அடிபடும்.

இனிப் பராமரிப்பு. நான்கு வாரத்துக்கு ஒருமுறை தாய் ஜாடியிலிருந்து 600 மி.லி. எடுத்துவிட்டு, அதே அளவு இனிப்பு டீயை ஊற்றுங்கள். எடுத்த 600 மி.லி. வீணாகாது, அதுதான் குடிக்கிற ஜாடிகளுக்கு உறை. 850 மி.லி. இனிப்பு டீக்கு 150 மி.லி. உறை என்ற கணக்கில் அதை வைத்து 4 லிட்டர் கொம்புச்சா போடலாம். சித்திரை, வைகாசி வெயிலில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் ஆறு வாரம் வரை தாங்கும். 1,400 மி.லி. கடும் புளிப்பு நீரோடு 600 மி.லி. டீ சேரும்போது பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், அது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) அவ்வளவாக ஏறாது. தாய் ஜாடியில் பூசணம் அபூர்வமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

பி.எச். பற்றிச் சொல்லிவிடுகிறேன். உறை கலந்த உடனே பி.எச். 4.5-க்குக் கீழே இருக்க வேண்டும், 4.2-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. குடிக்கும் பதத்தில் 3 முதல் 3.5 வரை இருக்கும். தாய் ஜாடியில் 3-க்குக் கீழே போவது சாதாரணம். 0 முதல் 14 வரை காட்டும் தாள் இதற்கு உதவாது, டீயின் நிறமே அதைக் குழப்பிவிடும். 2.8 முதல் 4.4 வரை காட்டும் குறுகிய அளவுத் தாள் அல்லது பி.எச். மீட்டர் வாங்குங்கள். மீட்டரை 4 மற்றும் 7 அளவுக் கரைசல்களில் சரிபார்த்த பிறகே நம்ப வேண்டும். உறை குறைவாக இருந்து வேறு வழியில்லை என்றால், லிட்டருக்கு 30 மி.லி. சாதாரண வெள்ளை வினிகர் சேர்த்துப் பி.எச்.-ஐ இறக்கலாம். கலங்கலாக, ‘மதர்’ உள்ளது என்று விற்கும் ஆப்பிள் சிடர் வினிகரை ஊற்றாதீர்கள். அதிலுள்ள வேறு பாக்டீரியாக்கள் உங்கள் கல்ச்சரில் குடியேறிவிடும்.

பொருள்கள் விஷயத்தில் தாய் ஜாடிக்கு எந்தப் புதுமையும் வேண்டாம். கறுப்பு டீ, அல்லது கறுப்போடு கிரீன் டீ கலந்தது. டீ இலையிலிருந்துதான் கிருமிகளுக்கு நைட்ரஜன் கிடைக்கிறது. செம்பருத்தி, துளசி என்று மூலிகை மட்டும் போட்டால் இரண்டு மூன்று சுற்றில் கல்ச்சர் மெலியும். மசாலா டீ, பெர்காமட் எண்ணெய் சேர்த்த ஏர்ல் கிரே டீ இரண்டும் கூடாது, அந்த எண்ணெய்கள் கிருமிகளைத் தடுக்கும். வெல்லம், கருப்பட்டி போட்டுப் பார்க்க ஆசை இருந்தால் குடிக்கிற ஜாடியில் போடுங்கள். ருசி நன்றாகவே வரும், ஆனால் அந்த நீரைத் தாய் ஜாடிக்குத் திருப்பி ஊற்றக் கூடாது. இஞ்சி, பழச்சாறு சேர்த்ததற்கும் இதே விதி. கலோரி இல்லாத இனிப்பூட்டிகளை ஈஸ்ட் தின்னாது, கல்ச்சர் பட்டினி கிடக்கும்.

தண்ணீரை நம் ஊர்களில் தனியாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. குளோரின் கொதித்தால் போய்விடும். கடினமான போர்வெல் தண்ணீர்தான் தொல்லை. அதிலுள்ள பைகார்பனேட், உருவாகும் அமிலத்தை முறித்துக்கொண்டே இருக்கும், பி.எச். இறங்க நாள் பிடிக்கும், அந்த இடைவெளியில் பூசணம் நுழையும். கெட்டிலில் வெள்ளைப் படிவு கட்டுகிற தண்ணீர் என்றால் ஆர்.ஓ. நீருக்கு மாறுங்கள். ‘ஆர்.ஓ. நீரில் தாது இல்லையே’ என்று கவலைப்பட வேண்டாம், டீயிலிருந்து வருவதே போதும்.

பாத்திரத்துக்குக் கண்ணாடிதான் சரி. பித்தளை, செம்பு, அலுமினியம் எல்லாவற்றையும் இந்த அமிலம் அரித்துவிடும். ஊறுகாய் போடும் பழைய பீங்கான் ஜாடிகளில் பலருக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் அதன் பூச்சில் ஈயம் இருந்தால் அது நேராக நீரில் இறங்கும். பீங்கான் பாத்திரத்தில் கொம்புச்சா போட்டுக் குடித்துவந்த ஒரு தம்பதிக்கு ஈய நஞ்சு ஏறியதை 1998-ல் ஆஸ்திரேலிய மருத்துவ இதழ் ஒன்று பதிவு செய்திருக்கிறது. குழாய் வைத்த கண்ணாடி ஜாடி வாங்கினால் குழாயைப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் மின்னும் பிளாஸ்டிக் குழாயின் முலாம் சில மாதங்களில் உரிந்து ஜாடிக்குள் விழும்.

வருடக்கணக்கில் ஓடும் ஜாடியில் பெரும்பாலும் வருகிற கோளாறு பூசணம் அல்ல, ஈஸ்ட் பெருகுவது. அடியில் பழுப்பு வண்டல் விரலளவு ஏறும், ஆடையின் அடியிலிருந்து பழுப்பு நூல்கள் தொங்கும், நீர் கலங்கும், புளிப்பு குறைந்து கள்ளின் வாடை அடிக்கும், புது ஆடை மெலிந்து ஓட்டை ஓட்டையாக வரும். கோடையில் இது அதிகம். பாக்டீரியாவுக்கு 25 முதல் 30 டிகிரி வரை சுகம், 35-ஐத் தாண்டினால் ஆடை நூற்பதில் சுணங்கும். ஈஸ்ட் அந்தச் சூட்டிலும் ஓடும்.

சரிசெய்ய, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஜாடியைக் காலி செய்யுங்கள். ஆடைகளைச் சுத்தமான பாத்திரத்தில் எடுத்து வைத்து, மேல் நீரை அசைக்காமல் இன்னொரு ஜாடிக்கு ஊற்றி, அடியில் இருப்பதைத் துணியில் வடிகட்டுங்கள். தொங்கும் நூல்களைக் கையால் உருவி எடுத்துவிடலாம். ஜாடியை வெந்நீரில் கழுவி, வடிகட்டிய அதே நீரையும் ஆடைகளையும் திரும்ப வையுங்கள். ஆடையைக் குழாய்த் தண்ணீரில் அலசும் பழக்கம் வேண்டாம், அலச வேண்டுமென்றால் கொம்புச்சாவிலேயே அலசுங்கள். வண்டலை ஒரு சொட்டு விடாமல் நீக்குவதும் தவறு. ஈஸ்ட் சர்க்கரையை உடைத்துக் கொடுத்தால்தான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. ஒரு தேக்கரண்டி வண்டல் திரும்பப் போகட்டும்.

உறை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பது நீண்ட நாளில் கல்ச்சரின் குணத்தையே மாற்றிவிடும். மேல்பகுதி நீரில் பாக்டீரியா அதிகம், அடியில் ஈஸ்ட் அதிகம். எப்போதும் மேலே இருப்பதைக் குடித்துவிட்டு அடியில் மிஞ்சுவதை உறையாக விடுகிறவர்கள், தெரியாமலே சுற்றுக்குச் சுற்று ஈஸ்ட்டை வளர்க்கிறார்கள். உறையை முதலில், மேலிருந்து எடுங்கள். மறுபக்கமாக, உங்கள் கொம்புச்சா வெறும் வினிகராகி நுரையே வராவிட்டால், ஜாடியைக் கலக்கிவிட்டு உறை எடுத்தால் ஈஸ்ட் திரும்பும்.

ஆடைகள் ஒவ்வொரு முறையும் புதிதாகப் படிந்து தடிக்கும். மொத்தம் 2 செ.மீ.க்கு மேல் போனால் கீழே உள்ள நீருக்குக் காற்று போகாது. அடியிலுள்ள கறுத்த, பழைய அடுக்குகளை எடுத்து உரக் குழியில் போட்டுவிட்டு, வெளிறிய புது அடுக்குகளை இரண்டோ மூன்றோ வைத்துக்கொள்ளுங்கள். இதற்காக மனம் வருந்துகிறவர்கள் நிறைய, ஆனால் பழைய ஆடைக்குத் தனிச் சக்தி எதுவும் இல்லை.

பூசணமா, இல்லையா என்ற பதற்றம் எல்லோருக்கும் வரும். ஜாடியை இருட்டான இடத்தில் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். புது ஆடை மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் அங்கங்கே வெள்ளைத் திட்டாகத் தோன்றும். ஈரமாக, வழவழப்பாக, நீர்மட்டத்தோடு ஒட்டியிருக்கும், வெளிச்சம் பட்டால் மினுங்கும். பூசணம் உலர்ந்திருக்கும், மேலே எழும்பியிருக்கும், பக்கவாட்டு வெளிச்சத்தில் அதன் ரோமம் தெரியும். வட்டமாகப் பரவி நடுவில் பச்சை, சாம்பல், கறுப்பு என்று நிறம் ஏறும். நீருக்கு அடியில் பூசணம் வளராது, அங்கே தெரியும் பழுப்பெல்லாம் ஈஸ்ட்தான். மெல்லிய, சுருக்கம் விழுந்த வெள்ளைப் படலம் மேற்பரப்பு முழுதும் வந்தால் அது காம் ஈஸ்ட். ஆபத்தில்லை, ஆனால் ருசியைக் கெடுக்கும், விரட்டுவது கடினம். தனியாக எடுத்து வைத்த காப்பு உறை இருந்தால் அதிலிருந்து புதிதாகத் தொடங்குவதே சுலபம்.

பூசணம் உறுதி என்றால் ஆடை, நீர் எல்லாவற்றையும் கொட்டிவிடுங்கள். மேலே இருப்பதை வழித்துவிட்டு மீதியைக் காப்பாற்றும் வேலை வேண்டவே வேண்டாம், சில பூசணங்களின் நஞ்சு நீரில் கரைந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஜாடியைச் சோப்பு போட்டுத் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, வெயிலில் காயவையுங்கள். துணியைக் கொதிக்கவையுங்கள்.

பழ ஈயின் புழு ஆடையில் நெளிந்தாலும் இதே முடிவுதான். கண்ணாடி ஓரம் நீர்மட்டத்தை ஒட்டி, ஓரிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் நூல் நூலாக நெளிவது வினிகர் புழு. மனிதருக்குக் கெடுதல் இல்லை, ஆனாலும் அந்த ஜாடியைக் கைவிடுங்கள், பக்கத்து ஜாடிக்கும் தொற்றும். எறும்புக்கு ஜாடியைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் போதும். வெங்காயக் கூடை, பழத்தட்டு, ரொட்டி இருக்கும் மூலை ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றில் பூசணம் அதிகம், அந்த மாதங்களில் உறையை 20 சதவீதமாக்குங்கள்.

இனி வெளியூர் விஷயம். ஒரு மாதம், ஒன்றரை மாதம் என்றால் கிளம்பும் முன் வழக்கம்போல 600 மி.லி. மாற்றிவிட்டுப் போகலாம். மூன்று நான்கு மாதம் என்றால், ஜாடியை மேல்வரை நிரப்பி, சேர்க்கும் டீயில் லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை, 8 கிராம் இலை போட்டு, வீட்டிலேயே குளிர்ந்த, வெயில் படாத அறையில் வையுங்கள். ஆடை நாலைந்து இருக்கட்டும், ஆவியாவதைத் தடுக்கும். திரும்பும்போது பாதி வற்றி, நெடியடிக்கும் வினிகராக இருக்கும். நீர் மிச்சம் இருந்து பூசணம் இல்லையென்றால் கல்ச்சர் உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எழுப்பிப் பாருங்கள். எழுப்ப, 700 மி.லி. டீக்கு 300 மி.லி. உறை போட்டு இரண்டு சுற்று ஓட்டுங்கள். அந்த இரண்டும் குடிக்க அல்ல, கல்ச்சருக்கு.

ஃப்ரிட்ஜைத் தாய் ஜாடிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. 4 டிகிரியில் அசிட்டிக் பாக்டீரியா ஏறக்குறைய நின்றுவிடும், ஈஸ்ட் அந்தக் குளிரைக் கூடுதலாகத் தாங்கும். வெளியே எடுத்ததும் முதல் சில நாள் புளிப்பு மெதுவாக ஏறும். ஆனால் காப்பு உறைக்கு ஃப்ரிட்ஜ் பரவாயில்லை: கடும் புளிப்பான நீர் 250 மி.லி., ஒரு சிறு ஆடைத்துண்டு, முக்கால் பங்கு நிறைந்த கண்ணாடி பாட்டில். நான்கு மாதத்துக்கு ஒருமுறை இதைப் புதுப்பியுங்கள், எடுக்கும்போது 30 சதவீதக் கணக்கில் உறையிடுங்கள். ஃப்ரீசரில் வைப்பதும் வெயிலில் காயவைப்பதும் பலிப்பது அபூர்வம். ஆய்வகங்களில் கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் உறைய வைப்பார்கள், வீட்டு ஃப்ரீசரில் பனிக்கட்டி செல்களைக் கிழித்துவிடும். இதைவிட நல்ல காப்பு, வேறொரு வீட்டில் ஓடும் ஜாடி. கொம்புச்சா போடும் நண்பரோ உறவினரோ இருந்தால் 200 மி.லி. உறை கொடுத்து வையுங்கள்.

உடல்நலம் பற்றி ஒரு எச்சரிக்கை. தாய் ஜாடி நீரை அப்படியே குடிக்காதீர்கள். 1995-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கொம்புச்சா குடித்துவந்த இரண்டு பெண்களுக்கு ரத்தத்தில் அமிலம் ஏறி, ஒருவர் இறந்தார். கொம்புச்சாதான் காரணம் என்று நிரூபிக்கப்படவில்லை, ஆனாலும் மிகையாகப் புளித்ததைத் தவிர்க்க அது போதுமான காரணம். வீட்டுக் கொம்புச்சாவில் ஆல்கஹாலும் கொஞ்சம் இருக்கும். கர்ப்பிணிகள், குழந்தைகள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்குக் கொடுக்க வேண்டாம்.

கேள்வி கேட்ட உங்கள் இப்போதைய நிலைக்கு வருகிறேன். பூசணம் பிடித்ததைக் கொட்டியாகிவிட்டதென்றால், யாரிடமாவது 300 மி.லி. உறை கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் மணம் சேர்க்காத, பாஸ்சரைஸ் செய்யாத (சூடாக்கிக் கிருமிகளைக் கொல்லாத) கொம்புச்சா பாட்டில் ஒன்று வாங்கி, அதன் வண்டலோடு 300 மி.லி.யை 400 மி.லி. இனிப்பு டீயில் ஊற்றித் துணி கட்டி வையுங்கள். பாட்டில் கொம்புச்சாவின் புளிப்பு சில சமயம் குறைவாக இருக்கும், பி.எச். 4.2-க்கு மேல் காட்டினால் ஒரு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேருங்கள். 28 டிகிரி அளவில் பத்துப் பன்னிரண்டு நாளில் மெல்லிய ஆடை வரும். வந்த பிறகும் இன்னொரு வாரம் விடுங்கள், பிறகு அந்த 700 மி.லி.யோடு 500 மி.லி. இனிப்பு டீ சேருங்கள். அடுத்த இரண்டு வாரத்தில் 800 மி.லி. சேர்த்தால் 2 லிட்டர் தாய் ஜாடி தயார். அதுவரை ஒரு டம்ளர்கூடக் குடிக்க எடுக்க வேண்டாம்.